பத்து நகத்திலும் ஒரே கோடு

பாரஸ்மல் ஏட்டை முதலில் பார்க்கவில்லை. முகர்ந்தார்.

நான்காக மடித்த வெள்ளைத் துணியை வாய்க்கு நேரே பிடித்திருந்தவர், அதை மூக்குக்குக் கீழே அரை அங்குலம் இறக்கினார். மேஜைமேல் விரித்திருந்த பட்டுத்துணியை நோக்கிக் குனிந்தார். ஒரு மூச்சு. நிமிர்ந்து யோசித்தார். மறுபடி குனிந்து இன்னொரு மூச்சு.

"இது எங்க ஏடு இல்லை" என்றார்.

வெளியே எவனோ லாரிப் பட்டையைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். கவரைப்பேட்டையில் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வேறென்ன சத்தம் கேட்கும். ஹேமாவதியின் காதில் அதுகூட விழவில்லை. அந்த ஏட்டுக்கு நான்கு மாதங்களாகக் காவல் இருந்தவள் அவள். இரும்பு பீரோவின் சாவி அவள் கைப்பையில் இருந்தது. காலையில் ஏட்டை வெளியே எடுத்ததற்கு ஒரு கையெழுத்து, மாலையில் உள்ளே வைத்ததற்கு ஒரு கையெழுத்து. பதிவேடு முழுக்க அவள் பெயர்தான்.

சவுகார்பேட்டையில் ஒரு சமண அறக்கட்டளையின் சுவடி அறைக்குப் பொறுப்பாளர் பாரஸ்மல். மகாவீரரின் வரலாற்றைச் சொல்லும் கல்பசூத்திரத்தின் ஐந்நூறு வருடப் பழைய பிரதி ஒன்று அங்கே இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஓர் ஏடு மட்டும் பழுது பார்க்க இங்கே வந்தது. மகாவீரரைப் பெறப்போகும் திரிசலை ராணி கட்டிலில் உறங்குகிறாள். அவள் கண்ட பதினான்கு கனவுகளும் தலைக்கு மேலே வரிசை கட்டி நிற்கின்றன. யானை, காளை, சிங்கம், நிலா, தாமரைக் குளம், புகையில்லாத நெருப்பு. ரத்தச் சிவப்பில் பின்னணி, மஞ்சளில் ராணியின் மேனி, அந்தப் பாணி ஓவியத்துக்கே உரியபடி முகத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டாவது கண். அந்த மஞ்சள்தான் பொட்டுப் பொட்டாக உதிர ஆரம்பித்திருந்தது.

மனிதர் குரலை உயர்த்தவில்லை. காரணத்தை மட்டும் சொன்னார். அவர்கள் சுவடிக் கட்டுகளுக்குள் வசம்பு முடிச்சு வைப்பார்கள். பூச்சியைக் கொல்லக்கூடாது, ஆனால் வரவிடாமல் தடுக்கலாம். நூற்றுக்கணக்கான வருடம் வசம்போடு படுத்திருந்த காகிதம் நான்கு மாதத்தில் அந்த வாசனையை மறந்துவிடாது.

"இதுல டீத்தூள் வாசனைதான் வருது" என்று முடித்தார்.

அப்போது அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தேசப்பன், இந்தப் பழம்பொருள் பாதுகாப்பு நிலையத்தின் முதலாளி. ஆறு வருடம் முன்புவரை கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ட்ரம் ட்ரம்மாக ரசாயனம் விற்றவர். மற்றவன் பார்த்திபன், ஓவியன். நெடுஞ்சாலை லாரிகளின் நெற்றியில் சாமி பெயரும் பின்னால் சிங்க முகமும் எழுதிக்கொண்டிருந்தவனை, கோடு போடுகிற கைக்காகத் தேசப்பன் பிடித்து வந்திருந்தார்.

தேசப்பனுக்கு அதிர்ச்சியடைய இரண்டு நொடிகூடத் தேவைப்படவில்லை. மேஜை விளக்கைப் போட்டார், பூதக்கண்ணாடியை எடுத்தார், ராணியின் மஞ்சள் தோள்மேல் பிடித்தார். மஞ்சளுக்குள் பொடிப் பொடியாக மினுமினுப்பு.

"சேட்டு, இது ஃபேக்டரி கலர் இல்ல. அசல் கல்லு மஞ்சள். இங்க கல்லு அரைக்கிறது ஒரே ஆள்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கீழே வைக்காமலே ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தார். "சாவியும் அந்த ஆள் கிட்டதான். கையெழுத்தும் அந்த ஆள்தான்."

மூன்று வருடமாக அம்மா, தாயி என்று கூப்பிட்டவர். இன்று 'அந்த ஆள்'.

விஷயம் இதுதான். ஏட்டைப் பழுது பார்ப்பதோடு, அதே மாதிரி ஒரு நகலும் செய்து தரவேண்டும் என்று அறக்கட்டளை கேட்டிருந்தது. நகல் அவர்கள் கூடத்தில் காட்சிக்கு இருக்கும், அசல் கட்டுக்குள் பத்திரமாக இருக்கும். ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட்டிருந்தார்கள். நகலுக்குத் தொழிற்சாலைக் கலர்தான் பூசவேண்டும். நாளைக்கு எவனும் அதை அசல் என்று சொல்லி விற்றுவிடக்கூடாது. பார்த்திபன் அப்படியே செய்து முடித்த நகல், முதுகில் முத்திரையோடு, மேஜையின் அந்தப் பக்கம் சமர்த்தாக இருந்தது. இந்தப் பக்கம், பட்டுத்துணியில், அசல் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது மூன்றாவது ஏடு. அசல் என்று நம்பவைக்கவே காகிதத்தை டீத்தண்ணீரில் பழுப்பாக்கி, கல்லை அரைத்துக் கலர் சேர்த்துச் செய்த திருட்டு ஏடு. அசல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அல்லது யாரோ ஒருவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் ஹேமாவதி தன் கையால்தான் அசலைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள். இன்று காலை முடிச்சோடு எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதைத்தான் சொன்னாள். தேசப்பன் கேட்டுக்கொண்டே சிரித்தார். பீரோவுக்கு இரண்டாவது சாவி என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார். பார்த்திபன் ஜன்னல் ஓரம் டீ கிளாஸோடு சாய்ந்து நின்றபடி, அக்காதான் சாவியைச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்கமாட்டாங்களே என்று ஒத்து ஊதினான்.

"டப்பு கிப்பு தேவைப்பட்டா எங்க கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. சாமி சமாச்சாரத்துல போயா கை வைக்கிறது?"

ஹேமாவதி நேராக உள்ளறைக்குப் போய்க் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைத் திறந்தாள். நீலக்கல் பொடி, சாதிலிங்கச் சிவப்பு, தங்க ரேக்கு, வேப்பம் பிசின், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அந்த மஞ்சளுக்கான அரிதாரக் கல்லை அரைத்து வைத்த சீசாவும் கழுத்துவரை நிறைவாகத்தான் இருந்தது. அசலில் உதிர்ந்த இடங்களை நிரப்பத் துளிதான் செலவாகியிருந்தது. அந்த வேலை முதல் மாதமே முடிந்துவிட்டதால் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை.

மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மினுங்கவில்லை.

கையுறை மாட்டி ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கினாள். கல்லுக்குரிய நறநறப்பு இல்லை. முகப்பவுடர் மாதிரி வழுக்கியது. சிப்காட்டில் ஒரு கலர் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் அந்த மஞ்சளின் முகத்தில்தான் விழித்திருக்கிறாள். இது தொழிற்சாலை மஞ்சள். எவனோ அரிதாரத்தை எடுத்துக்கொண்டு, இடத்தை இதால் நிரப்பியிருக்கிறான்.

சீசாவை வெளியே கொண்டுவந்து காட்டினாள். தேசப்பன் அதற்கும் தயாராக இருந்தார்.

"நீயே எடுத்துக்கினு நீயே ரொப்பி வச்சா எங்களுக்கு இன்னா தெரியும்?"

பாரஸ்மல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்பும் ஆசை இல்லை, ஏடு வேண்டும். அது போலீஸ் கைக்குப் போனால் வழக்கு முடியும்வரை எந்த மரப்பெட்டியில் எந்தக் கரையானோடு கிடக்குமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. பன்னிரண்டு மணிவரை இங்கேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் ஏடு மேஜைக்கு வராவிட்டால், பதிவேட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர் பெயரில் புகார். சொல்லிவிட்டு ஹேமாவதியைப் பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை. கல்லில் கலப்படம் பார்க்கும்போது அவளே பார்க்கிற பார்வை.

ஐம்பது நிமிடம். அதற்குப் பிறகு ஸ்டேஷன், ஜீப், பக்கத்து ஆரணியில் அவள் வீட்டு வாசல். அந்தத் தெருவில் ஜீப் ஒரு முறை நின்றால் போதும், தீர்ப்பு என்ன வந்தாலும் அவள் பெயருக்கு முன்னால் 'ஏட்டைத் திருடினவ' ஒட்டிக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி அவளை உள்ளே விடும்?

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பார்த்திபன் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கண்ணாடி கிளாஸைச் சுற்றி அவன் விரல்கள்.

நான்கு மாதமாக அந்த விரல்களை அவள் கையுறைக்குள்தான் பார்த்திருக்கிறாள். அறக்கட்டளையின் விதி அப்படி. ஏடு மேஜையில் இருந்தால் கையில் உறை, வாயில் துணி. வேலை முடிந்துவிட்டதால் இன்று வெறுங்கை.

ஒவ்வொரு நகத்திலும், குறுக்காக, ஒரு வெள்ளைக் கோடு.

அடிபட்டால் வருகிற வெள்ளைப் புள்ளி இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. கட்டை விரலிலும் சுண்டு விரலிலும் ஒரே வாக்கில், நகத்தின் நடுவே.

ஹேமாவதி மேஜை விளிம்பை விட்டாள்.

கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டர் வருவார். ஆளைப் பார்த்ததும் நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார், கையை நீட்டச் சொல்வார். முதலில் நகம். கழிவுத் தொட்டியில் வேலை பார்த்த ஒரு ஆளின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இந்தக் கோட்டை மறந்துவிடாதீர்கள் என்றார். மறக்கவில்லை.

ஆடி மாதத்தில் பார்த்திபன் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. தாபா பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தேசப்பன்தான் சொன்னார். ஆடி போய், ஆவணி போய், இப்போது புரட்டாசி. நகம் வளர்ந்து கோடு பாதி வழி வர அதுதான் கணக்கு.

கோடு வந்த வழி புரிந்துவிட்டது. அதைச் சேட்டின் கண் முன்னால் வரவழைக்க வேண்டும்.

"சேட்டு, ஒரே ஒரு வேல செய்யணும். அப்பறம் நீங்க போலீஸையே கூப்பிடுங்க" என்றாள்.

அவள் கேட்டது சின்ன விஷயம். திருட்டு ஏட்டில் ராணிக்கு யாரோ கண் வரைந்திருக்கிறான். நானும் ஒரு கண் வரைகிறேன், பார்த்திபனும் வரையட்டும், எந்தக் கை என்று நீங்களே பாருங்கள். தேசப்பன் இடைமறித்தார். நகலை வரைந்தவனே பார்த்திபன்தான், அவன் கை ஒத்துத்தான் போகும், இவள் எவனோ ஒரு வெளியாளை வைத்து வரைந்திருப்பாள், இதென்ன பேஜாரு என்றார். பாரஸ்மலுக்கு உட்கார்ந்திருக்க அலுப்பாக இருந்ததோ என்னவோ, தலையசைத்தார்.

ஹேமாவதி இரண்டு துண்டுக் காகிதம் எடுத்துவந்தாள். கிண்ணத்தில் விளக்குக் கரி மை. பக்கத்தில் புதுத் தூரிகை ஒன்று. அணில் மயிர் கூடாது என்பதும் அறக்கட்டளையின் விதிதான், அதனால் இந்த வேலைக்கென்று தாழை நாரைத் தட்டித் தூரிகை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு இழுப்புக்கு மேல் நுனி நிற்காது, துடைப்பம் மாதிரி விரிந்துகொள்ளும்.

அவளே முதலில் வரைந்தாள். அது கண்ணாகவும் இல்லை, கத்தரிக்காயாகவும் இல்லை. பார்த்திபன் வாய்விட்டே சிரித்தான். அக்கா அரைக்கிறதோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்றான்.

பிறகு அவன் உட்கார்ந்தான். கர்வம் ஒரு பக்கம், சேட்டின் முன்னால் கையைக் காட்டும் ஆசை ஒரு பக்கம். மூக்கின் கோடு ஒரே இழுப்பில் வந்தது. முகத்தின் கோடு இரண்டாவது இழுப்பு. கன்னத்தைத் தாண்டி அந்தரத்தில் நிற்கவேண்டிய கண்ணுக்கு வரும்போது தூரிகை விரிந்தது. அவன் கை தானாக மேலே போனது. உதடுகள் தானாகப் பிரிந்தன. நாரை வாயில் வைத்து, ஒரு உருட்டு உருட்டி, கூராக்கி எடுத்தான். கண்ணை இழுத்தான். அழகான கண்.

பாரஸ்மல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"எச்சில்" என்றார். அந்த ஒரு சொல்லை வெளியே துப்புவது போலச் சொன்னார்.

ஒப்பந்தத்தின் முதல் வரியே அதுதான். பேசும்போது தெறிக்கும் துளிகூட எழுத்தின்மேல் படக்கூடாது என்றுதான் அவர்கள் வாயில் துணி பிடிக்கிறார்கள். பார்த்திபன் தூரிகையைப் பார்த்தான், அப்போதுதான் தான் செய்தது அவனுக்கே தெரிந்தது. இது வெறும் காகிதம்தானே, ஏடு இல்லையே என்று குழறினான். லாரியில் பெயர் எழுதுகிறவன் எவனும் நுனியை வாயில் வைக்காமல் எழுத மாட்டான், கை பழக்கம் என்றான்.

"கை பழக்கம்தான். அதான் எனக்கு வேணும்" என்றாள் ஹேமாவதி. "கைய நீட்டு பார்த்தி."

"இன்னாத்துக்கு?"

"நீட்டுடா."

மூன்று வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. நீட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்தாள். கோட்டைச் சேட்டுக்குக் காட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் அதன் பக்கத்தில் வைத்தாள். அவள் நகங்களில் கோடு இல்லை.

கால்சியம் குறைச்சல், அம்மாகூட முட்டை சாப்பிடச் சொன்னது என்றான் பார்த்திபன். ரசாயனம் விற்ற தேசப்பனுக்கு அந்தக் கோடு எதுவென்று தெரிந்திருக்கும். அவர் பார்வை நகத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கதவுப் பக்கம் போனதை ஹேமாவதி கவனித்தாள்.

"சேட்டு, உங்க ஏட்டுல இருக்கிற மஞ்சள் அரிதாரக் கல்லு. அது பாஷாணம். ஆர்செனிக். அரைக்கச் சொல்லோ நான் மூஞ்சில மாஸ்க், கையில உறை, ஜன்னலத் தொறந்து வச்சுக்கினுதான் அரைப்பேன். அசல்ல உதிர்ந்த இடத்த ரொப்புனதும் நான்தான். இவன அந்தச் சீசா கிட்டவே உட்டது கிடையாது. இவன் தொட்டதெல்லாம் நகலுக்குப் போட்ட ஃபேக்டரி மஞ்சள், அத நக்குனா ஒண்ணும் ஆவாது." அவள் திருட்டு ஏட்டைச் சுட்டிக்காட்டினாள். "அப்ப இவன் நகத்துல பாஷாணம் எப்பிடி வந்துச்சு? இத வரையும்போது வாயில வச்சு வச்சு எடுத்தான். ஆடி மாசம் பத்து நாள் படுத்தான் பாருங்க, அது பிரியாணி இல்ல."

தேசப்பன் மேஜையைத் தட்டினார். கதை கட்டுகிறாள் என்றார். நகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்கிறாள் என்றார்.

"என் முடியும் நகமும் வெட்டித் தரேன், இவனோடதும் வெட்டி லேபுக்கு அனுப்புங்க. பாஷாணம் அதுல மாசக்கணக்குல தங்கும். யார் ஒடம்புல இருக்குதுன்னு அது சொல்லும்" என்றாள் அவள்.

பாரஸ்மல் பார்த்திபனைப் பார்த்தார். ஆனால் பார்த்திபன் அவரையும் பார்க்கவில்லை, ஹேமாவதியையும் பார்க்கவில்லை. தன் பத்து விரலையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகத் தேசப்பன் பக்கம் திரும்பினான்.

"ண்ணா. அது வெசமா?"

"அவ உன்ன பயமுறுத்தறா. வாய மூடு."

"மூலிகைக் கல்லு, சித்த மருந்துல சேர்ப்பாங்கன்னு சொன்னியே ண்ணா. எங்க ஊட்டுல, சோறு துன்ற தட்டுலதான ண்ணா கலக்கினேன்."

அறையில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. தான் சொன்னது அவன் காதில் மட்டும் விழவில்லை. முகம் வெளிறிப்போய் ஹேமாவதியிடம் வந்தான். குரல் தழைந்துவிட்டது.

"யக்கா, நான் செத்துடுவனா?"

ஹேமாவதி அவனை நிதானமாகப் பார்த்தாள். கோடு நகத்தின் நடுவே வந்திருந்தது. அடியில் புதிதாக வளர்ந்த நகம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் விஷம் உள்ளே போவது நின்று ஏழெட்டு வாரம் ஆகிறது. உடம்பு தாண்டி வந்துவிட்டது, ஒரு நல்ல டாக்டர் பார்த்தால் போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏடு எங்க?" என்றாள்.

"யக்கா, முதல்ல இத சொல்லு."

"இந்தப் பக்கத்துல இத பாக்கத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்தான். எனக்குத் தெரியும். ஏடு எங்கன்னு நீ சொல்லு, அவர் எங்கன்னு நான் சொல்றேன்."

தேசப்பன் நடுவே வந்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நாளைக்கும் நீ இந்த ரோட்டுலதான் நடந்து போவணும். ஞாபகம் வச்சுக்க."

"நடந்துதான் போவேன். ஜீப்புல போவப்போறது நீங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பார்த்திபன் முதலாளியின் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். அதற்கு மேலே சுவரில், மாலை போடாத குறையாக, நிலையத்தின் தரச் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தேசப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் திரும்பி முழங்கையால் ஒரு இடி இடித்தான். முதலாளி அலமாரியில் போய் முட்டிக்கொண்டார். சட்டத்தோடு பிடுங்கியவன் மேஜைமேல் கவிழ்த்தான். கண்ணாடி விரிசல் விட்டது. பின்பலகையின் ஆணிகளை அந்தக் கோடு விழுந்த நகங்களாலேயே நெம்பினான்.

உள்ளே இருந்த எண்ணெய்த்தாளைப் பிரிக்கும் முன்பே வசம்பு வாசனை வந்துவிட்டது.

பாரஸ்மல் துணியை வாய்க்குக் கொண்டுபோய், மறு கையால் எல்லோரையும் விலகச் சொன்னார். மஞ்சள் ராணி உறங்கிக்கொண்டிருந்தாள். பதினான்கு கனவும் தலைக்கு மேல் அப்படியே இருந்தன. அவர் ஏட்டைப் பார்த்தபடியே, இதிலும் எச்சில் பட்டதா என்று பார்த்திபனிடம் கேட்டார். இல்லை சாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எடுத்துக் கொடுப்பார், கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துத்தான் வரைவேன், தொட்டதே இல்லை என்றான் அவன். இரண்டாவது சாவி அண்ணனின் வேப்பம்பட்டு வீட்டில் இருக்கிறது என்றான். மஞ்சள் தீர்ந்தபோதெல்லாம் சீசாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவர்தான் என்றான். கேட்காததெல்லாம் சொன்னான். தேசப்பன் கதவு வரை போனார். வாசலில் பாரஸ்மலின் டிரைவரும், சண்டைச் சத்தம் கேட்டுச் சம்மட்டியோடு எட்டிப் பார்த்த பட்டறைக்காரரும் நின்றிருந்தார்கள். திரும்பி வந்து, சான்றிதழ் இருந்த இடத்துக்கு அடியில், தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாரஸ்மல் போலீசுக்குப் போனில் பேசி முடித்தார். ஏட்டைச் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ஹேமாவதியிடம் வந்து, நல்ல வேளை, எங்கள் சுவடி அறைக்கே ஒரு ஆள் தேவைப்படுகிறது, வருகிறீர்களா என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வருவதற்கான அடையாளமும் இல்லை.

அவள் பதிவேட்டைத் திறந்து, இன்றைய தேதிக்கு நேரே திருப்பி, பேனாவை மேலே வைத்தாள்.

"அசல் ஏடு கைக்கு வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"அதான் வந்துடுச்சே அம்மா."

"என் கையெழுத்த வச்சுத்தான என்ன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்க. இப்ப உங்களுது போடுங்க. பன்னெண்டு ஆவறதுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்குது."

அவர் ஒரு கணம் அவளை முறைத்தார். போட்டார். அவள் மை காயும்வரை பார்த்திருந்து, பதிவேட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பீரோ சாவியை எடுத்து மேஜைமேல் எறிந்தாள்.

பார்த்திபன் ஜன்னலடியில் தரையில் குந்தியிருந்தான். அவள் ஒரு தாளில் டாக்டரின் பெயர், கும்மிடிப்பூண்டியில் அவர் உட்காரும் இடம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஆர்செனிக், நகமும் முடியும் சோதிக்கவும்' என்று எழுதி அவன் மடியில் போட்டாள். போலீஸ் வந்ததும் முதலில் இதைக் காட்டச் சொன்னாள். பிறகு, கோடு நடுவுக்கு வந்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம், சாகமாட்டாய் என்பதையும் சொன்னாள்.

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பயம் வடிந்த கண்ணில் இப்போது வேறு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியும். கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

ஹேமாவதி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்" என்றாள். "அவங்க என்னப் பாத்து திருடின்னு சொன்னப்ப."